பழைய இலச்சினைகளின் எழுத்துருவை இனங்காணல்: ஒப்புமை முறை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நிறுவனம் ஒன்றின் பெயர் இலச்சினையாக அமைக்கப்படும்பொழுது அதில் சொல், எழுத்து, வடிவம் ஆகிய மூன்றும் ஒருங்கிணைகின்றன. சொல்லின் அமைப்பையும் பொருளையும் மொழியியலார் ஆராய்வர். வடிவத்தைக் கலைத்துறையினர் ஆராய்வர். இவற்றிற்கு இடையில் நிற்கும் எழுத்தைப் பற்றிப் பெரும்பாலும் எழுப்பப்படும் வினா ஒன்றே: 'இது எந்த எழுத்துரு?' பழைய கட்டடங்களின் முகப்பு, கடிதத் தாள், இதழின் முதற்பக்கம், பொருள்களின் மேலுறை ஆகியவற்றில் உள்ள இலச்சினைகளைப் பற்றி இவ்வினா எழுகிறது. விடையும் விரைவில் தரப்பட்டு விடுகிறது. நமக்குத் தெரிந்த எழுத்துருக்களுள் கண்ணுக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவதன் பெயரே விடையாகக் கொள்ளப்படுகிறது. இதனை இக்கட்டுரை 'ஒப்புமை முறை' எனக் குறிப்பிடுகிறது.

இம்முறையால் விளையும் பிழை சிறிதன்று. பெயர் தவறினால் இலச்சினையின் காலம் தவறும். காலம் தவறினால் அதனைத் தாங்கிய ஆவணத்தின் காலமும் தவறும். கையால் வரைந்த கலைஞரின் பணி, அவர் கண்டிராத ஓர் எழுத்துருவின் கணக்கில் சேர்ந்துவிடும். இலச்சினையைப் புதுப்பிக்க முற்படுவோர் 'அதே எழுத்துரு' என நம்பி வேறொன்றை இட்டு நிரப்பினால் மூலவடிவமே மறைந்துபோகும். ஆகவே இவ்வினாவுக்கு எத்தகைய சான்றுகளைக் கொண்டு விடை கூறலாம் என்பதை ஆராய்வது தேவையாகிறது.

வடிவ ஒப்புமை இனங்காணலின் தொடக்கமாகலாம். முடிபாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். எழுத்துருவை இனங்காணல், மொழிகளின் உறவை நிறுவுதலைப் போன்று வரலாற்று அடிப்படையிலான ஒரு வாதமாகும். எனவே வரலாற்று ஒப்பியல் மொழியியலின் சான்று நெறிகள் இங்கும் பயன்படும்.

2. அச்செழுத்தும் வரைவெழுத்தும்

'இது எந்த எழுத்துரு?' என்னும் வினாவினுள் 'இது ஓர் எழுத்துரு' என்னும் முற்கோள் மறைந்துள்ளது. முதலில் ஆராயப்பட வேண்டியது அம்முற்கோளே ஆகும்.

ஒலியனுக்கும் மாற்றொலிக்கும் உள்ள தொடர்பு போன்றதே எழுத்தனுக்கும் மாற்றெழுத்துக்கும் உள்ள தொடர்பு. கையால் எழுதுவோன் ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபடுத்தியே எழுதுகிறான். அச்சில் நிலைமை மாறுகிறது. ஓர் எழுத்துக்கு ஒரு வார்ப்பு என்னும் ஏற்பாட்டில், அவ்வெழுத்து எத்தனை முறை வந்தாலும் வடிவம் ஒன்றாகவே அமைகிறது. எழுத்துரு என்பது இவ்வாறு முன்னரே முடிவு செய்யப்பட்டு, எந்தச் சொல்லிலும் எந்த வரிசையிலும் மீண்டும் வரத்தக்க வடிவங்களின் தொகுதி. அதற்கு மாறாக, ஒரு குறிப்பிட்ட சொல்லுக்காகவே வரையப்பட்ட எழுத்தை 'வரைவெழுத்து' எனலாம். வரைவெழுத்துக்குத் தொகுதி இல்லை. அச்சொல்லுக்கு வெளியே அதற்கு வாழ்வும் இல்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே எழுத்து இலச்சினையில் இருமுறை வருமாயின் அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இதனை 'மீள்வரவுச் சோதனை' எனலாம். கோகோ கோலா நிறுவனத்தின் இலச்சினை இதற்குத் தக்க சான்றாகும். 1886இல் அந்நிறுவனத்தின் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன், அக்காலத்தில் அமெரிக்க வணிகக் கடிதங்களில் வழங்கிய ஸ்பென்சேரியன் என்னும் கையெழுத்துப் பாணியில் பெயரை வடித்தார். பெயரில் 'சி' என்னும் பெரிய எழுத்து இருமுறை வருகிறது. இன்று வழங்கும் வடிவில், முதல் எழுத்தின் வால் நீண்டு, பின்வரும் எழுத்துகளுக்குக் கீழே செல்கிறது. இரண்டாவதன் மேற்சுழி அடுத்துவரும் 'எல்' எழுத்தின் கண்ணியூடே புகுகிறது. இவ்விரு வடிவங்களும் தத்தம் இடத்துக்கென வரையப்பட்டவை. இடம் மாற்றி வைக்க இயலாதவை. ஆகவே 'இது எந்த எழுத்துரு?' என்னும் வினாவுக்கு இங்கு விடை, 'எழுத்துரு அன்று' என்பதே. இந்த இலச்சினையைப் பின்பற்றிப் பிற்காலத்தார் முழு அகர வரிசையையும் வரைந்து எழுத்துருக்களாக வெளியிட்டுள்ளனர். ஒப்புமை முறையைக் கையாளுவோர் அவற்றுள் ஒன்றன் பெயரைக் கூறிவிடுகின்றனர். இது மகளைத் தாய்க்குத் தாயாக்கும் பிழை.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. மீள்வரும் எழுத்துகள் வேறுபட்டிருப்பின் அது வரைவெழுத்து எனப் பெரிதும் துணியலாம். ஒன்றாக இருப்பின் அச்செழுத்து எனத் துணிதல் இயலாது. வரைவோன் தான் வரைந்த ஓர் எழுத்தைப் படியெடுத்து மீண்டும் பயன்படுத்தியிருக்கலாம். மேலும் ஈய அச்சில் மை பரவுவதால் ஒரே வார்ப்பின் இரு பதிவுகள் பருமனில் வேறுபடலாம். எனவே ஒப்பிட வேண்டியது விளிம்பை அன்று, எழுத்தின் உள்ளமைப்பை. கோடு எங்குத் தொடங்குகிறது, எங்கு வளைகிறது, எங்கு இணைகிறது என்பனவே நோக்கத்தக்கவை.

3. ஒப்புமை முறையின் குறைபாடு

அச்செழுத்தே எனக் கொள்ளத்தக்க இடங்களில் அடுத்த வினா, எந்த அச்செழுத்து என்பது. இதற்குத் துணையாகப் பல நூல்களும் கருவிகளும் தோன்றியுள்ளன. மாக்சிமிலியன் வாக்ஸ் 1954இல் வகுத்த வகைப்பாடு எழுத்துருக்களைப் பெரும் பிரிவுகளாகத் தொகுத்தது. 1983இல் வெளியான ரூக்லெட்ஜ் கையேடு ஒவ்வோர் எழுத்துருவுக்கும் உரிய தனியடையாளங்களைக் கொண்டு தேடும் வழியைத் தந்தது. 2015இல் வெளியான டீப்ஃபான்ட் என்னும் ஆய்வு, படத்தைக் கண்டு எழுத்துருவைக் கூறும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது. அதன் தரவுத் தொகுதியில் 2,383 எழுத்துருக்கள் இடம்பெற்றன. முதல் ஐந்து விடைகளுள் ஒன்று சரியாக அமைந்த நிலை 80 விழுக்காட்டைக் கடந்தது.

இவற்றின் பயனை மறுத்தற்கில்லை. ஆயின் கணிப்பொறி முறையில் ஒரு குறை இயல்பாகவே உள்ளது. தன் தொகுதியில் உள்ளவற்றுள் மிக நெருங்கியதை அது கூறும். 'இவற்றுள் எதுவுமன்று' என்னும் விடை அம்முறையின் இயல்புக்குள் அடங்குவதில்லை. பழைய இலச்சினைகளுக்கோ பல வேளைகளில் பொருந்தும் விடை அதுவேயாகும். தொகுதியில் உள்ளவை இன்று விற்பனையில் உள்ள கணிப்பொறி எழுத்துருக்கள். ஆராயப்படுவதோ ஈயத்தால் வார்க்கப்பட்டதாகவோ மரத்தில் செதுக்கப்பட்டதாகவோ தூரிகையால் எழுதப்பட்டதாகவோ இருக்கலாம்.

இதனினும் ஆழமான குறை, ஒப்புமைகளை எண்ணிக் கூட்டுவதில் உள்ளது. 'பத்து எழுத்துகளுள் எட்டு ஒத்துள்ளன' என்னும் கூற்று வலிமையானது போலத் தோன்றும். எந்த எட்டு என்பது கேட்கப்பட வேண்டும். மொழிகளைக் கிளைப்படுத்தும்பொழுது மூலமொழியிலிருந்து எல்லா மொழிகளும் காத்துவந்த பொது எச்சங்களை நாம் சான்றாகக் கொள்வதில்லை. ஒரு கிளையில் மட்டும் தோன்றிய பொதுப் புத்தாக்கங்களையே சான்றாகக் கொள்கிறோம். எழுத்துருவிலும் இந்நிலையே. முனைக்கோடு இல்லாத உரோமன் எழுத்துருக்களுள் பெரும்பாலானவற்றில் 'ஐ' ஒரு நேர்கோடே. 'எச்' இரு கோடுகளும் ஒரு குறுக்குமே. இவை ஒத்திருப்பது உறவைக் காட்டாது.

புத்தாக்கம் போலத் தோன்றுவதும் சில வேளைகளில் ஏமாற்றும். தமிழில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. இவற்றை மட்டும் கண்டால், ககரம் சகரமான மாற்றம் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான ஒரே நிகழ்ச்சி எனத் தோன்றும். ஆயின் தமிழில் 'கெடு' என நிற்பது தெலுங்கில் 'செடு' ஆகிறது. வளைநா ஒலி பின்வருமிடத்துத் தமிழில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. தெலுங்கில் அத்தடை இல்லை. விளைவு ஒன்றாயினும் விதி வேறு. எனவே இரு மொழிகளிலும் இது தனித்தனியே நிகழ்ந்தது எனக் கொள்கிறோம்.

ஹெல்வெட்டிகாவும் ஏரியலும் இத்தகைய ஒரு சூழலை எழுத்துருவில் காட்டுகின்றன. ஹெல்வெட்டிகா 1957இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்தில் வேறு பெயருடன் தோன்றி, 1960இல் இப்பெயர் பெற்றது. 1982இல் மோனோடைப் நிறுவனத்தில் உருவான ஏரியல், எழுத்துகளின் அகலத்தில் ஹெல்வெட்டிகாவுடன் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. ஆகவே இரண்டிலும் சொற்கள் ஒரே நீளத்தில் அமைகின்றன. ஆயின் சிறிய 'டி' எழுத்தின் தலை ஹெல்வெட்டிகாவில் கிடையாக வெட்டப்பட்டிருக்கும். ஏரியலில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். பெரிய 'ஆர்' எழுத்தின் கால் முன்னதில் வளைந்து இறங்கும். பின்னதில் சாய்ந்து நீளும். அகல ஒற்றுமை ஏற்றுக்கொண்ட கடன். முனையின் வெட்டும் காலின் போக்கும் மரபு.

4. அண்டர்கிரவுண்டு இலச்சினை: எழுத்தும் காலமும்

இலண்டன் சுரங்க இருப்புப்பாதையின் இலச்சினை மேற்கூறிய நெறிகளைச் சோதித்தற்கு ஏற்றது. அதன் வரலாறு நன்கு பதிவாகியுள்ளது. அங்குக் காணப்படும் எழுத்து எட்வர்டு ஜான்ஸ்டன் என்பாரின் படைப்பு என்பது பரவலாக அறியப்பட்டது. நிறுவனத்தின் ஃபிராங்க் பிக் 1913இல் அவரை அணுகினார். எழுத்துரு 1916இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜான்ஸ்டனுக்கு உதவியாகத் தொடக்கத்தில் பணியாற்றிய எரிக் கில், பின்னர் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்த கில் சான்ஸ் 1928இல் வெளியாயிற்று. இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவற்றைப் பிரித்தறிய வழக்கமாகக் கூறப்படும் அடையாளங்கள் இரண்டு. ஜான்ஸ்டனில் சிறிய 'ஐ' எழுத்தின் புள்ளி, மூலைமேல் நிற்கும் சதுரமாக அமையும். கில் சான்ஸில் வட்டமாக அமையும். ஜான்ஸ்டனில் சிறிய 'எல்' எழுத்தின் அடி கொக்கியாக வளையும். கில் சான்ஸில் நேர்கோடாக நிற்கும். இவை சிறந்த அடையாளங்கள். ஆயின் இலச்சினையிலுள்ள பெயர் பெரிய எழுத்துகளால் மட்டுமே அமைந்தது. சிறிய 'ஐ', 'எல்' இரண்டும் அதில் இல்லை. வேறுபாட்டைக் காட்டும் கூறுகள் கிடைத்த சான்றில் இடம்பெறாத நிலை, குறைந்த சொற்களே கிடைத்துள்ள கல்வெட்டு மொழியை ஆராய்வோர்க்குப் பழக்கமானதே. இங்கு எஞ்சுவது இருமுறை வரும் 'ஆர்'. அதன் கால் ஜான்ஸ்டனில் நேராகச் சாய்கிறது. கில் சான்ஸில் வளைந்து செல்கிறது. முழுச்சொல்லின் பிற எழுத்துகள் அனைத்தும் தரும் ஒப்புமையை விட இந்த ஓர் எழுத்தின் கால் தரும் சான்று வலிமை மிக்கது.

இத்துடன் ஆய்வு முடிவதில்லை. முதலெழுத்தும் இறுதியெழுத்தும் பெரிதாகவும் இடைப்பட்டவை சிறிதாகவும் அமைந்த இப்பெயர் வடிவம் 1908இல் அறிமுகமாயிற்று. அது ஜான்ஸ்டன் எழுத்துரு பயன்பாட்டுக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முற்பட்டது. முனைக்கோடு இல்லாத பெரிய எழுத்துகளே அப்பொழுதும் பயன்பட்டன. ஆகவே 1908க்கும் 1916க்கும் இடைப்பட்ட பலகை ஒன்றைக் கண்டு 'ஜான்ஸ்டன்' என்போர், இலச்சினையின் பிற்கால வடிவை அதன் முற்கால வடிவின்மீது ஏற்றிக் கூறுகின்றனர். பிந்திய காலத்திலும் ஜான்ஸ்டன் ஒன்றாகவே இருக்கவில்லை. 1979இல் ஈச்சி கோனோ அதனைத் திருத்தியமைத்தார். 2016இல் நூற்றாண்டையொட்டி மற்றொரு திருத்தம் வெளியாயிற்று. 'ஜான்ஸ்டன்' என்னும் பெயர் மட்டும் போதாது. எந்த நிலையிலுள்ள ஜான்ஸ்டன் என்பதும் கூறப்பட வேண்டும். 'தமிழ்' என்று மட்டும் கூறாமல் சங்கத் தமிழ், இடைக்காலத் தமிழ் எனப் பகுத்துக் கூறுவதை இது ஒக்கும்.

எழுத்துகள் மேலும் குறையுமாயின் வடிவச் சான்று முற்றிலும் கைவிடும். பி.பி.சி. நிறுவனம் 1997 முதல் 2021 வரை பயன்படுத்திய இலச்சினை கில் சான்ஸில் அமைந்தது. அதில் உள்ளவை இரு 'பி'களும் ஒரு 'சி'யும் மட்டுமே. இவ்விரு வடிவங்களை மட்டும் கொண்டு எழுத்துருவை உறுதிசெய்தல் மிக அரிது. நாம் அதனை அறிந்திருப்பது பதிவுகளால்.

நினைவும் இத்தகைய பதிவுகளுக்கு ஈடாகாது. நியூயார்க் சுரங்க இருப்புப்பாதையின் அறிவிப்புப் பலகைகள் தொடக்கம் முதலே ஹெல்வெட்டிகாவில் அமைந்தவை எனப் பலர் நம்பினர். பால் ஷா ஆவணங்களையும் பழைய ஒளிப்படங்களையும் ஆராய்ந்து, 1960களின் இறுதியில் தொடங்கிய சீரமைப்பில் பயன்பட்டது 'ஸ்டாண்டர்டு' என அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆக்சிடென்ஸ் குரோட்டெஸ்க் என்பதையும், ஹெல்வெட்டிகா அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றது 1989இல் என்பதையும் எடுத்துக்காட்டினார். இங்குப் பேசப்பட்டது பலகையே ஆயினும் நெறி இலச்சினைக்கும் பொதுவானது.

5. ஐ.பி.எம். இலச்சினை: வழிவந்த வடிவம்

1947 முதல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இலச்சினை பீட்டன் என்னும் எழுத்துருவில் அமைந்தது. 1956இல் பால் ராண்டு அதனை மாற்றியமைத்தார். அவர் அடிப்படையாகக் கொண்டது, கியோர்க் டிரம்ப் பெர்லினின் பெர்த்தோல்டு வார்ப்பகத்துக்காக 1930ஆம் ஆண்டளவில் வரைந்த சிட்டி என்னும் எழுத்துரு. பீட்டன், சிட்டி ஆகிய இரண்டும் தடித்த பட்டைகளை முனைக்கோடுகளாகக் கொண்டவை, ஒரே காலத்தவை, இரண்டும் செருமனியில் தோன்றியவை. வகைப்பாட்டு முறையில் இரண்டும் ஒரே பிரிவில் அடங்கும்.

மூன்றெழுத்துகளும் வெவ்வேறானவை, ஆதலின் மீள்வரவுச் சோதனைக்கு இடமில்லை. 'ஐ' என்பது ஒரு தூணும் இரு பட்டைகளுமே ஆதலின் பயன்தராது. முடிவு செய்வது 'பி' எழுத்தாகும். பீட்டனில் அதன் வளைவு உள்ளும் புறமும் வளைந்தே செல்லும். ராண்டின் வடிவில் புறவிளிம்பு வளைந்தும், உள்ளே சூழப்பட்ட இரு வெளிகள் கூரிய மூலைகளுடன் சதுரமாகவும் அமைந்துள்ளன. புறம் வளைவு, அகம் கோணம் என்னும் இம்முரண் சிட்டி எழுத்துருவின் தனிப்பண்பு. இதுவே இங்குப் பொதுப் புத்தாக்கத்தின் இடத்தைப் பெறுகிறது.

எனினும் 'ஐ.பி.எம். இலச்சினை சிட்டியில் அமைந்தது' என்று கூறிவிடுதல் பொருந்தாது. ராண்டு எழுத்துகளை அவ்வாறே அடுக்கி விடவில்லை. அவற்றைத் திருத்தி வரைந்தார். 1972இல் அவரே எட்டுக் கிடைக்கோடுகளாகப் பகுத்த வடிவை உருவாக்கினார். கோடுகளாகப் பகுக்கப்பட்ட எழுத்துகள் சிட்டியில் இல்லை. இவ்விடத்து நான்கு கூற்றுகளைப் பிரித்துணர்தல் வேண்டும்:

(அ) இலச்சினை இன்ன எழுத்துருவில் அமைந்தது.
(ஆ) இலச்சினை இன்ன எழுத்துருவிலிருந்து வழிவந்தது.
(இ) இலச்சினை இன்ன எழுத்துருவை ஒத்தது.
(ஈ) இன்ன எழுத்துரு இலச்சினையிலிருந்து வழிவந்தது.

பி.பி.சி. முதல் வகைக்கும், ஐ.பி.எம். இரண்டாம் வகைக்கும், 1908ஆம் ஆண்டின் அண்டர்கிரவுண்டு மூன்றாம் வகைக்கும், கோகோ கோலா நான்காம் வகைக்கும் சான்றுகளாகும். ஒப்புமை முறை இந்நான்கையும் ஒன்றாக்கி, எல்லாவற்றுக்கும் முதற்கூற்றையே விடையாகத் தருகிறது. அதன் அடிப்படைப் பிழை இதுவே.

6. காலச் சான்றின் வலிமையும் எல்லையும்

ஓர் எழுத்துரு தோன்றுவதற்கு முன் அதில் எதுவும் அச்சாக இயலாது. எளிய இவ்வுண்மையே இனங்காணலில் மிக உறுதியான கருவி. அதன் வலிமையை நீதிமன்றங்களும் அறிந்துள்ளன. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அமைத்த கூட்டு விசாரணைக் குழு 2017 ஜூலையில் அளித்த அறிக்கையில், 2006 பிப்ரவரி நாளிட்ட ஆவணங்கள் கலிப்ரி எழுத்துருவில் அமைந்திருப்பது சுட்டப்பட்டது. அவ்வெழுத்துரு பொது விற்பனைக்கு வந்தது 2007 ஜனவரி இறுதியில். இங்கு எழுத்துருவின் பெயரில் ஐயம் எழவில்லை. வாதம் முழுவதும் காலத்தைப் பற்றியதாகவே அமைந்தது.

அவ்வாதம் ஒரு நுட்பத்தையும் உணர்த்தியது. விற்பனைக்கு முன்னரே சோதனைப் பதிப்புகளில் கலிப்ரி சிலருக்குக் கிடைத்திருந்தது. எனவே எழுத்துரு தோன்றிய காலம், சிலர் கையில் கிடைத்த காலம், பொதுவழக்குக்கு வந்த காலம் ஆகிய மூன்றும் வேறு. முதலாவதற்கு முற்பட்டது இயலாதது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டது இயலக்கூடியது, ஆயின் அரிது. இயலாமையையும் அருமையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மேலும் காலச் சான்று மறுத்தற்கு மட்டுமே வலிமையுடையது. ஓர் எழுத்துரு அக்காலத்தில் இருந்தது என்பதனால் இலச்சினை அதில் அமைந்தது என்று ஆகிவிடாது.

7. தமிழ் இலச்சினைகளை நோக்கி

மேற்கண்ட சான்றுகள் உரோமன் எழுத்தைச் சார்ந்தவை. அவ்வெழுத்துக்கு வார்ப்பகங்களின் மாதிரிப் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இந்திய எழுத்துகளைப் பொறுத்தவரையில் அத்தகைய தொகுப்பு மிகக் குறைவு. தமிழ் அச்சின் தொடக்கமோ இதற்கு நேர்மாறானது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் தனித்தனியே காட்டியது. தமிழில் அச்சான முதல் நூல் தன் எழுத்துருவின் பிறப்பையும் பதிவு செய்திருக்க, பின்வந்த நான்கு நூற்றாண்டுகளின் எழுத்துருக்களுக்கு ஒழுங்கான பட்டியல் இல்லை என்பது வருந்தத்தக்கது.

இந்நிலையில் ஒப்புமை முறை தமிழில் பெருந்தீங்கு விளைவிக்கும். ஒப்பிடுவதற்கு எளிதில் கிடைப்பவை அண்மைக்காலக் கணிப்பொறி எழுத்துருக்கள் மட்டுமே ஆதலின், ஈய அச்சுக் கால இலச்சினைக்கும் அவற்றுள் ஒன்றன் பெயரே சூட்டப்படும். மேலும் இதழ்களின் பெயர்களும் நிறுவனப் பெயர்களும் ஓவியரால் வரையப்பட்டுப் 'பிளாக்'காகச் செய்யப்பெறுவது அக்காலத்துப் பெருவழக்கு. எனவே தமிழில் ஆய்வு, வரைவெழுத்து என்னும் கருதுகோளிலிருந்து தொடங்குவதே முறை. எழுத்துரு எனக் கூறுவோரே அதனை நிறுவக் கடமைப்பட்டவர்.

இதற்குச் சில அடையாளங்களைக் கூறலாம். ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனி உலோகக் கட்டையின் மீது அமைவது. ஆகவே ஒற்றைக்கொம்பு அடுத்த மெய்யுடன் பிணைந்திருத்தல், ஓர் எழுத்தின் வளைவு அடுத்த எழுத்தின் எல்லைக்குள் புகுந்திருத்தல் முதலியன வரைவெழுத்தைச் சுட்டும். புள்ளி வைக்கப்பட்ட இடமும் நோக்கத்தக்கது. 'ம்' இருமுறை வருமிடத்து, ஒன்றில் புள்ளி நடுவிலும் மற்றொன்றில் ஓரமாகவும் நிற்குமாயின் அவ்விடத்துக்கேற்ப வரைந்த கை வெளிப்படுகிறது.

காலத்தைக் கணிப்பதற்குத் தமிழில் எழுத்துச் சீர்திருத்தம் ஒரு சான்றாகும். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகள் மாற்றம் பெற்றன. ஆலை, சாலை, நிலையம், சென்னை ஆகியன நிறுவனப் பெயர்களில் மிகுதியாக வருவதால் லை, னை ஆகிய இரண்டும் இலச்சினைகளில் அடிக்கடி காணப்படும். பழைய துதிக்கை வடிவம் இருப்பின் 1978க்கு முந்தியது, புதிய வடிவம் இருப்பின் பிந்தியது என எளிதாகக் கூறிவிடத் தோன்றும். இரண்டும் பிழையாகலாம். பெரியாரின் இதழ்கள் 1935 முதலே புதிய வடிவங்களைக் கையாண்டன. மறுபுறம், இலச்சினை மாற்றத்தை எளிதில் ஏற்காத இயல்புடையது. உள்ளடக்கம் முழுவதும் புதிய எழுத்தில் அச்சான பின்னரும் முகப்புப் பெயர் பழைய எழுத்திலேயே நிற்றல் கூடும். பேச்சில் மறைந்த ஒலி ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்பதை இது ஒக்கும். ஆகவே எழுத்து வடிவம் தரும் காலத்தை, ஆவணத்தில் உள்ள பிற சான்றுகளுடன் இணைத்தே கொள்ளல் வேண்டும். 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் கண்ட மலையாளத்துக்கும் இக்கருத்துப் பொருந்தும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பழைய இலச்சினையை ஆராய்வோர் முதலில் அது அச்செழுத்தா, வரைவெழுத்தா என்பதைத் துணிதல் வேண்டும். மீள்வரவுச் சோதனை அதற்கு உதவும். அச்செழுத்தாயின், பொதுவான ஒப்புமைகளை எண்ணுவதை விடுத்துத் தனிப்பண்புகளைத் தேடுதல் வேண்டும். அத்தனிப்பண்புகள் கிடைத்துள்ள எழுத்துகளில் வெளிப்படக்கூடியவையா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பின்னர்க் காலச் சான்றைக் கொண்டு இயலாதவற்றை விலக்கி, எஞ்சியதை ஆவணச் சான்றால் உறுதிசெய்தல் வேண்டும். விடை கூறும்பொழுது அமைந்தது, வழிவந்தது, ஒத்தது, மூலமாயிற்று என்னும் நால்வகையுள் எது என்பதைத் தெளிவாகச் சுட்டுதல் வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரையில் இவற்றினும் முற்பட்ட பணி ஒன்று உள்ளது. பழைய அச்சகங்களின் எழுத்து மாதிரிகளும், மூடப்பட்ட அச்சகங்களில் எஞ்சிய ஈய எழுத்துகளும், இதழ் முகப்புகளுக்கென வரையப்பட்ட மூலப்படங்களும், அவற்றின் பிளாக்குகளும் காலக்குறிப்புடன் தொகுக்கப்பட வேண்டும். ஈயம் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படும் பொருள். மூலப்படமோ அச்சு முடிந்ததும் பயனற்றதாகக் கருதப்படும் தாள். ஒப்பிடுவதற்கு உரிய இவை மறைந்துவிடின், எத்துணைக் கூரிய முறையும் கிடைத்ததனுடன் ஒப்பிட்டு அமைதி கொள்ளும் முறையாகவே முடியும். மொழியாய்வு நிறுவனங்களும் நூலகங்களும் இத்தொகுப்பை மேற்கொள்ளுதல் இன்றியமையாததாகும்.